படியேறினாலே மூச்சு வாங்குதா? கொரோனாவுக்குப் பிறகு மூச்சுத் தசைப் பயிற்சியும் நடையும் எப்படி உதவும்?

‘டெஸ்ட் நெகட்டிவ். எக்ஸ்ரே நார்மல். ஆனா பழைய தெம்பு மட்டும் இன்னும் வரலை.’ கொரோனா வந்து போன பலர் இன்றும் சொல்லும் குறை இது. உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை 2023 மே 5-ல் முடித்துவைத்தது. ஆனால் பாதித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுத்திணறலும் களைப்பும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கின்றன.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் உள்ள மல்லாங்கிணறு மாதிரியான ஊரில் இந்தக் குறை சம்பளத்திலும் கைவைக்கும். விவசாயக் கூலி, மில் வேலை, பட்டாசு வேலை என எதுவானாலும் உடம்பு ஒத்துழைத்தால்தான் அன்றைய காசு. ஐ.டி. வேலைக்காக மதுரை, சென்னை என்று போனவர்களுக்கும் மாடிப்படியும் பஸ் பிடிக்கும் ஓட்டமும் உண்டு. ‘எக்சர்சைஸ் பண்ணு, சரியாகிடும்’ என்று ஒருவர் சொல்வார். ‘ரெஸ்ட் எடு’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டில் எது சரி?

ஆளைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம். யாருக்கு எது, எவ்வளவு, எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

‘நீண்டகால கொரோனா’ என்று எதைச் சொல்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர் 6-ல் இதற்கு ஒரு வரையறை தந்தது. தொற்று தொடங்கி 3 மாதங்கள் ஆன நிலையில் அறிகுறிகள் இருக்க வேண்டும். அவை குறைந்தது 2 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். வேறு நோயால் அவற்றை விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். கொரோனா வந்த 100 பேரில் சுமார் 6 பேருக்கு இந்த நிலை வருவதாக அந்நிறுவனம் இப்போது மதிப்பிடுகிறது. களைப்பு, மூச்சுத்திணறல், மறதியும் மந்தமும் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள்.

வரையறையின் கடைசி நிபந்தனை நம் ஊருக்கு ரொம்பவே முக்கியம். மூச்சு வாங்குகிறது என்றாலே ‘அது கொரோனாவோட மிச்சம்’ என்று விட்டுவிடக் கூடாது. ரத்தசோகை, ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காசநோய் எதுவாகவும் இருக்கலாம். தேசிய குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவர் எத்தனை மூச்சுப் பயிற்சி செய்தாலும் படியேறும்போது இளைக்கத்தான் செய்யும்.

வேலூர் ஆய்வு சொல்வது என்ன?

இந்த விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரின் நுரையீரலைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2024-ல் வெளியாகின. பாதிப்பேருக்கு மூச்சுத்திணறல் இருந்தது. சுமார் 44 சதவீதம் பேருக்கு நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கு வாயு கடந்து செல்லும் திறன் குறைந்திருந்தது. சுமார் 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் முழுசாக விரியவில்லை.

ஐரோப்பிய, சீன ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இந்தியர்களிடம் பாதிப்பு அதிகம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. ஒரே மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்பதால், இதை எல்லா இந்தியர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

எக்ஸ்ரே நார்மல், பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

நுரையீரல் தானாக விரியாது. அதை இழுத்து விரிப்பவை தசைகள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி இருக்கும் உதரவிதானம்தான் இதில் முதலாளி. அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும். விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் துணைக்கு நிற்கும்.

கை கால் தசை மாதிரியே உதரவிதானமும் வேலையில்லாமல் இருந்தால் இளைத்துவிடும். வென்டிலேட்டரில் 18 முதல் 69 மணி நேரம் வரை மட்டுமே இருந்தவர்களிடம்கூட உதரவிதானத்தின் தசைநார்கள் வெகுவாகச் சுருங்கியிருந்ததை 2008-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

கொரோனா விஷயத்திலும் இதற்குச் சான்று கிடைத்தது. ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள், மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 50 பேரைச் சுமார் 15 மாதங்கள் கழித்துப் பரிசோதித்தார்கள். பலருக்கு உதரவிதானம் பலவீனமாக இருந்தது. வேலை செய்யும்போது வரும் மூச்சுத்திணறலுக்கும் அந்தப் பலவீனத்துக்கும் தொடர்பு இருந்தது.

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்ட் 5-ல் சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்து, செப்டம்பர் 25-ல் காலமானார். அந்த நாட்களில் வந்த மருத்துவ அறிக்கைகளில் ‘பிசியோதெரபி’ என்ற சொல்லைத் தமிழ்நாடே கவனித்தது. செயற்கை சுவாசத்தில் இருப்பவருக்கு எதற்கு பிசியோதெரபி என்று அப்போது பலரும் கேட்டார்கள். படுத்த படுக்கையில் தசைகள் கரைந்துவிடாமல் காப்பாற்றத்தான். ஐ.சி.யூ.வில் தொடங்கும் அதே வேலை, வீடு திரும்பிய பிறகும் தொடர வேண்டும்.

மூச்சுத் தசைப் பயிற்சி என்றால் என்ன?

ஜிம்மில் டம்பெல் தூக்கினால் கை வலுவாகிற மாதிரி, மூச்சை ஒரு தடைக்கு எதிராக இழுத்தால் மூச்சுத் தசைகள் வலுவாகும். இதற்கென்று கையடக்கக் கருவி இருக்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வு. குறிப்பிட்ட அளவு பலமாக இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். எவ்வளவு பலம் என்பதை நாமே கூட்டிக் குறைத்து வைக்கலாம்.

முதலில் ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு பலமாக மூச்சை இழுக்க முடியும் என்று அளப்பார்கள். அதில் 30 முதல் 50 சதவீதம் வரையிலான தடையில் பயிற்சியைத் தொடங்குவது வழக்கம். ஒரு தடவைக்கு 30 மூச்சு, காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்பது பரவலாகப் பயன்படும் முறை. பழகப் பழகத் தடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்.

மூன்று பந்துக் கருவியும் இதுவும் ஒன்றா?

இல்லை. குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். 2021-ல் இரண்டாம் அலை வந்தபோது மெடிக்கல் ஷாப்களில் பலரும் வாங்கிய ‘மூணு பந்து’ கருவியின் பெயர் இன்சென்டிவ் ஸ்பைரோமீட்டர். மூச்சை இழுத்தால் 600, 900, 1200 என்ற அளவுகளில் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆழமாக மூச்சு இழுக்கப் பழக்கவும், நுரையீரலின் சுருங்கிய பகுதிகள் விரியவும் உதவுவது அதன் வேலை.

அதில் பெரிய தடை எதுவும் கிடையாது. அதனால் தசையை வலுவாக்கும் பயிற்சிக் கருவியாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது. வீட்டில் சும்மா கிடக்கிறது என்றால் ஆழ்ந்த மூச்சுக்குப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் ‘மூணு பந்தும் ஏறிடுச்சு, நான் ஃபிட்’ என்று முடிவு கட்டக் கூடாது.

பலூன் ஊதுவதில் வேலை செய்வது மூச்சை வெளியே தள்ளும் தசைகள். இழுக்கும் தசைகளுக்கு அதில் பயிற்சி குறைவு. பிராணாயாமம் மூச்சை நிதானப்படுத்தும், பதற்றத்தைக் குறைக்கும். 2020 செப்டம்பர் 13-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் யோகா, பிராணாயாமம், வசதியான வேகத்தில் நடைப்பயிற்சி எல்லாம் இடம்பெற்றன. ஆனால் மூச்சை ரொம்ப நேரம் அடக்கிவைக்கும் கும்பகத்தை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது. ‘10 விநாடி மூச்சை அடக்க முடிந்தால் கொரோனா இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய தகவல் பொய் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொல்லிவிட்டது.

உண்மையில் பலன் எவ்வளவு?

பிரிட்டனில் 281 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. தொற்று வந்து சராசரியாக 9 மாதங்கள் ஆனவர்கள் இவர்கள். ஒரு பிரிவினர் வீட்டிலேயே வாரம் 3 முறை, 8 வாரங்களுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி செய்தார்கள். ஒட்டுமொத்த வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் இரு பிரிவுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மூச்சுத்திணறலும் நெஞ்சு சார்ந்த தொந்தரவும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தன. மூச்சுத் தசைகளின் வலுவும் கூடியது.

சீனாவில் வீடு திரும்பிய பிறகும் மூச்சுத்திணறல் இருந்த 120 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. அங்கே ஸ்மார்ட்போன் வழியாக 6 வாரப் பயிற்சி. மூச்சுக் கட்டுப்பாடு, நடை மாதிரியான ஏரோபிக் பயிற்சி, தசைப் பயிற்சி மூன்றும் சேர்ந்தது. 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளந்தபோது, பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 65 மீட்டர் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

ஸ்பெயினில் 80 பேரிடம் நடந்த ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மூச்சுத் தசைப் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட, ஏரோபிக்கும் தசை வலுப் பயிற்சியும் கண்காணிப்பில் செய்தவர்களுக்கே உடல் திறன் நன்றாகக் கூடியது.

இங்கிலாந்து, வேல்ஸில் மருத்துவமனையிலிருந்து திரும்பிய 585 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. 8 வார ஆன்லைன் குழுப் பயிற்சியும் மனநல ஆதரவும் சேர்ந்தபோது, ஒரு வருடம் கழித்தும் வாழ்க்கைத்தரத்தில் சிறிய அளவு முன்னேற்றம் நிலைத்தது.

ஆக, கருவி வாங்கக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முக்கிய மருந்து காலில்தான் இருக்கிறது. கருவி துணைக்கு.

எங்கிருந்து தொடங்குவது?

உலக சுகாதார நிறுவனத்தின் சுய பராமரிப்புக் கையேடு 5 கட்டங்களைச் சொல்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும். சிரமத்தை 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பிட வேண்டும். 0 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. 10 என்றால் இனி முடியவே முடியாது என்ற நிலை.

• முதல் கட்டம் (சிரமம் 0–1): மூச்சுக் கட்டுப்பாடு, உடம்பை நீட்டி மடக்குவது, மெதுவான நடை.

• இரண்டாம் கட்டம் (2–3): வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடை, லேசான வீட்டு வேலை.

• மூன்றாம் கட்டம் (4–5): வேகமான நடை, படியேறுவது, லேசான தசைப் பயிற்சி.

• நான்காம் கட்டம் (5–7): ஓட்டம், சைக்கிள், நீச்சல்.

• ஐந்தாம் கட்டம் (8–10): கொரோனாவுக்கு முன்பு செய்த பயிற்சிகளுக்குத் திரும்புவது.

ஒரு கட்டத்தில் கஷ்டமாக இருந்தால் முந்தைய கட்டத்துக்கு இறங்கிவிட வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஸ்மார்ட்வாட்ச் இல்லாதவர்களுக்கு எளிய அளவுகோல் பேச்சு. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

விருதுநகர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கரிசல் மண்ணில் காலை 9 மணிக்கே அனல் அடிக்கும் மாதங்கள் உண்டு. சூட்டில் இதயத் துடிப்பு எகிறும், சிரமம் கூடும். அதனால் விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ நடப்பது நல்லது. முதல் வாரங்களில் கண்மாய்க் கரை மாதிரி ஏற்ற இறக்கமான இடத்தைவிடச் சமதளமும் உட்கார ஒரு திண்ணையும் உள்ள தெருவே வசதி. தனியாக வெகுதூரம் போய்விட்டால் திரும்பி வருவதும் நடைதான் என்பதை மறக்கக் கூடாது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் எல்லா மாவட்டங்களிலும் உண்டு. ஆனால் மீண்டு வருபவருக்கு 8 கிலோமீட்டர் முதல் நாள் இலக்கு கிடையாது. 5 நிமிடம் போதும்.

நடக்கும்போது மூச்சு முட்டினால் நின்று, மேஜையிலோ சுவரிலோ கைகளை ஊன்றி லேசாக முன்னால் சாயுங்கள். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

யாருக்கு ரெஸ்ட்தான் மருந்து?

சிலருக்கு உடற்பயிற்சியே எதிரியாகிவிடும். இன்று கொஞ்சம் வேலை செய்வார்கள், நன்றாகவே இருக்கும். 12 முதல் 72 மணி நேரத்துக்குள் அடித்துப் போட்ட மாதிரி களைப்பு, உடல்வலி, மூளை மந்தம் என எல்லாம் சேர்ந்து வரும். சில நாட்கள், சில வாரங்கள்கூடப் படுக்கையில் தள்ளிவிடும். சாதாரண உடல்வலியையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

நெதர்லாந்தில் இந்தப் பிரச்சினை உள்ள 25 பேரையும் ஆரோக்கியமான 21 பேரையும் பரிசோதித்தார்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் தசைகளில் பாதிப்பு இன்னும் மோசமானது தெரிந்தது. 2024 ஜனவரியில் இது வெளியானது. ‘சோம்பேறித்தனம்’ என்று குடும்பத்தில் திட்டு வாங்குகிறவர்களுக்கு இந்த ஆய்வு ஓர் ஆறுதல்.

இவர்களுக்கு ‘தினமும் 10 சதவீதம் கூட்டு’ என்கிற ஜிம் கணக்கு உதவாது. இருக்கும் சக்தியைப் பட்ஜெட் போட்டுச் செலவழிப்பதுதான் வழி. வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, களைப்பு வருவதற்கு முன்பே உட்காருவது, நல்ல நாளில் ‘இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சிடலாம்’ என்ற ஆசையை அடக்குவது. எது செய்த பிறகு எத்தனை நாள் படுத்தோம் என்று 2 வாரம் குறித்துவைத்தாலே தன் எல்லை எது என்று பிடிபடும்.

பட்டாசு வேலைக்குத் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது

பட்டாசு வேலையில் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அதிகம். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். ‘கொஞ்சம் உட்கார்ந்து செய்’ என்ற அறிவுரை அவர்களுக்குக் காசைக் குறைக்கும் அறிவுரை. அதனால் வேலைக்குத் திரும்பும் முதல் வாரங்களில் மூச்சு இரைக்கும் வேலைகளைச் சுமக்காமல், உட்கார்ந்து செய்யும் வேலையை மேஸ்திரியிடமோ போர்மேனிடமோ முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. மருத்துவரின் சீட்டு கையில் இருந்தால் கேட்பது எளிது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் உடல்நிலை காரணமாக எடுக்கும் விடுப்புக்கு உதவித்தொகை பெற முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று தூசி. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பவுடர் புழங்கும் இடத்தில் மூச்சுக்குழாய் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும். ஆழமாக மூச்சு இழுக்கும் பயிற்சியை அங்கே இடைவேளையில் செய்யக் கூடாது. வீட்டுக்கு வந்து, குளித்து, உடை மாற்றிய பிறகு செய்யலாம். வேலையிடத்தில் மட்டும் இருமலும் இளைப்பும் கூடி, லீவு நாளில் குறைந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது தொழில் சார்ந்த ஆஸ்துமாவாக இருக்கலாம்.

தொடங்கும் முன் என்ன செக் பண்ண வேண்டும்?

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவை அடிப்படை. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் அவசியம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், ஓய்வில் ஒருமுறையும் சில நிமிடம் நடந்த பிறகு ஒருமுறையும் பாருங்கள். ஓய்விலேயே 94-க்குக் கீழே இருந்தாலோ, நடந்த பிறகு 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ பயிற்சியைத் தொடங்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். அவசரத்துக்கு 108. கொரோனாவின்போது இதயத்தசை அழற்சி இருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் 3 முதல் 6 மாதங்கள் கடும் பயிற்சியைத் தவிர்த்து, இதய மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த வரலாறு, காதுச் சவ்வில் ஓட்டை, சமீபத்தில் கண் அல்லது வயிற்று ஆபரேஷன், விலா எலும்பு முறிவு உள்ளவர்கள் தடை வைத்த மூச்சுக் கருவியைத் தானாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

எங்கே போவது?

மல்லாங்கிணறு பகுதியினர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காரியாபட்டி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். நுரையீரல் திறன் பரிசோதனை, நெஞ்சக மருத்துவர், பிசியோதெரபி எல்லாம் தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று.

எழுந்து போக முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி உண்டு. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதியச் சொல்லலாம். பொதுவான ஆலோசனைக்கு 104.

முன்னேற்றம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆய்வுகளில் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே பலனை அளந்திருக்கிறார்கள். அதனால் ஒரே வாரத்தில் ‘ஒண்ணும் மாறலை’ என்று விட்டுவிட வேண்டாம். கை வைக்காத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, 1 நிமிடத்தில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணுங்கள். கூடவே ஒருவர் இருக்கட்டும். தொடங்கும் நாளில் ஒருமுறை, பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை எண்ணி, தேதியோடு போனில் குறித்துவையுங்கள். எண்ணிக்கை, சிரமம் எத்தனைக்கு எத்தனை, மறுநாள் உடம்பு எப்படி இருந்தது ஆகிய மூன்று விவரம் போதும்.

எண்ணிக்கை கூடி, மறுநாளும் தெம்பாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எண்ணிக்கை கூடினாலும் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம். 8 வாரம் ஆகியும் அசையாமல் நின்றால், அந்தக் குறிப்பை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். ‘ரொம்ப நாளா முடியல சார்’ என்பதைவிட, 8 வாரக் கணக்கைப் பார்க்கும் டாக்டருக்கு அடுத்து எந்தப் பரிசோதனை எழுதுவது என்று முடிவெடுப்பது சுலபம்.